கை கடுக்குது

சுடலைமணிக்கு வாய் நீளம். வாழைத்தார் லாரி ஓட்டின காலத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்று வழியில் நிற்பவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வான். அப்பேர்ப்பட்ட ஆள் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தான். வேலை சொல்லிக்கொடுத்தவள், வண்டியின் பின்னால் நோயாளியோடு உட்காரும் எஸ்தர். அவனுடைய பழைய கிளீனர்களைவிட வயதில் சின்னவள்.

இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்களை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. அந்தப் பக்கத்து ஊர்களில் வெளியே உயிர் போனால் உடலை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். தெருவில்தான் கிடத்துவார்கள். அதனால் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். "உயிரோட சேத்துருவீங்களா?"

வந்த புதிதில் ஒருநாள் சுடலைமணி, பின்னால் படுத்திருந்த பெரியவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "முடிஞ்சிட்டு போலயே" என்று சொல்லிவிட்டான். வண்டிக்குள் ஒரே அழுகை. அந்தப் பெரியவரைத் தெருவில் இறக்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது எஸ்தர் சொன்னாள்: "சாவைச் சொல்ல டாக்டருக்குத்தான் அதிகாரம்ணே."

"அப்ப நாம யாரு?"

"நாம வண்டி."

ஏதோ ஆபீஸ் சட்டம் சொல்லுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒருநாள் வடிவு என்ற அம்மாள் வந்தாள். பீடி சுற்றிச் சுற்றியே வீடு கட்டினவள். ஏற்றும்போது எஸ்தரின் கையைப் பிடித்து, "நடுவீட்ல போடு தாயி. என் ஃபேனுக்குக் கீழ" என்றாள்.

"சரிம்மா" என்றாள் எஸ்தர்.

ரயில்வே கேட் தாண்டினதும் சுடலைமணி கண்ணாடியில் பார்த்தான். எஸ்தரின் விரல்கள் வடிவின் கழுத்தில் ரொம்ப நேரம் இருந்தன. பிறகு போர்வையை இழுத்து விட்டாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

"அம்மா கையைப் பிடிச்சுக்கோங்க தம்பி. பேசிட்டே வாங்க" என்றாள் மகன் இசக்கிராஜிடம்.

அவன் ஆடு குட்டி போட்டதைச் சொன்னான். ஓட்டில் ஒழுகின இடத்தை அடைத்ததைச் சொன்னான். 'முடிஞ்சிட்டு' என்ற சொல் சுடலைமணிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

வீட்டு வாசலில் வடிவின் கொழுந்தனார் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைச் சுடலைமணி பிடித்திருந்தான், கால்மாட்டை எஸ்தர். அவர் அவளை விட்டுவிட்டு அவனைத்தான் கேட்டார்.

"உயிர் இருக்கா? இல்லன்னா இங்கனயே இறக்குங்க."

இசக்கிராஜ் இன்னும் அம்மாவின் கையை விடவில்லை.

"நாங்க டாக்டர் இல்ல அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. "ஆக்ஸிஜன் போயிட்டிருக்கு. வழி விடுங்க, கை கடுக்குது."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

நடுவீட்டில் பாயில் படுக்கப் போட்டார்கள். இசக்கிராஜ் எழுந்து போய் ஃபேனைப் போட்டான். கொஞ்சம் பொறுத்து எஸ்தர் அவனிடம், உள்ளூர் டாக்டரைக் கூட்டிவரச் சொன்னாள்.

திரும்பும் வழியில் அவள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சுடலைமணி வெகுதூரம் பேசாமல் ஓட்டினான். அவனுக்கு அது பெரிய காரியம்.

"ரயில்வே கேட் கிட்டயே போயிட்டாங்கல்லா?"

"ஆமாண்ணே."

"அப்ப நான் சொன்னது பொய்தானே?"

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"ஆக்ஸிஜன் போகலையா?"

"போச்சு."

"கை கடுக்கலையா?"

அவன் ஸ்டியரிங்கில் இருந்த கையைப் பார்த்தான்.

"இன்னும் கடுக்குதும்மா."

"கடுக்கத்தான் செய்யும்" என்றாள் எஸ்தர். "எனக்கு வேலைக்குச் சேந்த வருசத்துல இருந்து கடுக்குது."