மாந்தைத் துறையின் பெயர்க்கல்

இலங்கை ஒரு சிறிய தீவு என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தவறான கருத்தை இனியும் வளரவிடுவது நல்லதல்ல. பழைய யவனர் உலகப்படத்தில் அது இந்தியாவையே ஓரம்தள்ளிவிட்டுக் கடலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வரைந்தவர் நேரில் வந்து பார்க்கவில்லை என்பது உண்மைதான். கேள்விப்பட்டதை வைத்தே அவ்வளவு பெரிதாக வரைந்தார் என்பதும் உண்மைதான்.

இத்தகைய தீவுக்கு ஒரே பெயர் போதும் என்று ஒருவர் முடிவு செய்தார். அவர் பெயர் குமாரநந்தி.

யவனரும் அரபுச் சோனகரும் சீனரும் தீவின் வடமேற்குக் கரையிலிருந்த மாந்தைத் துறைக்கு வந்துபோன காலம் அது. மூவரையும் ஒரே நாளில் வரவழைத்தால் அறிஞர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

குமாரநந்தி துறைக்கு அருகிலிருந்த மடத்தில் மாணாக்கர். ஆசிரியரான அடிகளைவிட வயதில் மூத்தவர். இலக்கணம் முழுவதையும் கற்று முடித்துவிட்டு, மிச்சமிருப்பது ஞானம் மட்டுமே என்று வந்து சேர்ந்தவர்.

துறைத் தலைவன் கரையில் ஒரு கல் நாட்டி, அதில் நாட்டின் பெயரைப் பொறிக்க விரும்பினான். சரியான பெயரைச் சொல்பவருக்கு அவைப் புலவர் பதவி என்றான். குமாரநந்திக்கு அந்தப் பதவியின் மேல் நெடுநாள் ஆசை.

"ஈழம் என்கிறோம், இலங்கை என்கிறோம். தாமிரபரணி என்று ஒருவர், சிங்களத் தீவு என்று இன்னொருவர். அடிகளே, எது சரி?"

"ஏன் அவசரம்?" என்றார் அடிகள்.

"பிழைகள் பெருகுகின்றன. யவனர் தாமிரபரணியை உடைத்துத் தப்ரொபானே என்கிறார்கள். சோனகர் சரந்தீப் என்கிறார்கள். சீனர் சிங்க நாடு என்கிறார்கள். இங்கே ஒரு சிங்கமாவது இருக்கிறதா?"

"தேடிப் பார்த்தீரா?"

சிலோன் என்ற பெயர் அப்போது பிறந்திருக்கவில்லை. அதையும் கேட்டிருந்தால் குமாரநந்தி மயங்கி விழுந்திருப்பார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. மார்கழிப் பனியில் கரை தெரியாது. வரும் கப்பல் மணல்திட்டுக்கு வெளியே நின்று, தான் தேடிவந்த நாட்டின் பெயரைச் சொல்லிக் கூவும். கரையிலிருக்கும் படகோட்டிகள் அதே பெயரைத் திருப்பிக் கூவுவார்கள். கப்பல் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். வேறு பெயர் கேட்டால் மாலுமிகள் நம்பமாட்டார்கள். கொள்ளையர் என்று விலகிப்போய்த் திட்டில் மோதுவார்கள்.

பிழைகள் பெருகுவதற்கு இந்த வழக்கமே காரணம் என்று குமாரநந்தி கண்டுபிடித்தார். தலைவனிடம் பேசி ஒரு கட்டளை வாங்கினார்: கல் நாட்டும்வரை தவறான பெயருக்கு யாரும் மறுகுரல் கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை கடலும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சரந்தீப்!"

படகோட்டி கடலன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டான். மற்றவர்களும் அசையவில்லை.

"ஐயா, சரியான பெயரைச் சொல்லுங்கோ, கத்துறம்" என்றான் கடலன்.

"இன்னும் முடிவாகவில்லை."

"அப்ப இருக்கிறம்."

"சரந்தீப்!" குரல் இப்போது திட்டின் பக்கமாக ஒதுங்கிக் கேட்டது.

குமாரநந்தி திரும்பினார். பின்னால் அடிகள் நின்றிருந்தார்.

"அடிகளே, இப்போதாவது சொல்லுங்கள். இந்நாட்டின் உண்மைப் பெயர் என்ன?"

"கொஞ்சம் பொறும். கப்பல் மணலில் மோதட்டும், சொல்கிறேன்."

"அதிலே மனிதர்கள் இருக்கிறார்கள்!"

"இருக்கட்டும். பிழையாகச் சொல்லிக்கொண்டல்லவா சாகப்போகிறார்கள்."

குமாரநந்தி வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினார்.

"சரந்தீப்!" என்று அலறினார். "சரந்தீப்! இங்கே! இங்கே!"

பிறகு பனிக்குள் பல தொண்டைகள் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லின. அதில் சிரிப்பு இருந்தது, அழுகையும் இருந்தது. தம் நாட்டின் பெயரை அவ்வளவு ஆசையோடு யாரும் சொல்லிக் குமாரநந்தி கேட்டதில்லை.

"ஐயாவுக்கு நல்ல குரல்" என்றான் கடலன். "அங்கால இன்னொண்டு கூப்பிடுது."

"தப்ரொபானே!"

குமாரநந்தி நிமிர்ந்து நின்றார். "தப்ரொபானே!" என்றார், யவனரைவிடத் தெளிவாக. அதற்குப் பின்னால் சீனக் கப்பல் வந்தது. சிங்க நாட்டுக்கும் அவரே மறுகுரல் கொடுத்தார். கட்டளையை மறந்து படகோட்டிகளும் அவரோடு சேர்ந்து கத்தினார்கள்.

பனி விலகியபோது மூன்று கப்பல்களும் துறைக்குள் நின்றன. குமாரநந்தி நனைந்த உடையோடு கரையேறினார். அவருடைய குரல் பாதி போயிருந்தது.

"எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிவிட்டேன்" என்றார். "இனி எதைச் சரியென்று சொல்வது?"

அடிகள் கடலைக் காட்டினார். தூரத்தில் ஒரு வெறும் மணல்திட்டு தெரிந்தது.

"அதன் பெயர் தெரியுமா?"

"காக்கைத்திட்டு."

"அதற்கு வேறு பெயர் உண்டா?"

"இல்லை. அந்த ஒன்றுதான்."

"யாராவது பிழையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீரா?"

"இதுவரை இல்லை."

"அங்கே யாரும் போவதில்லை" என்றார் அடிகள்.

மறுநாள் துறைத் தலைவன் கல்தச்சனோடு மடத்துக்கு வந்தான். குமாரநந்திக்குத் தொண்டை முற்றிலும் அடைத்திருந்தது. தலைவன் தனக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் குமாரநந்தி ஆமென்று தலையசைத்தார்.

கல்தச்சன் இன்னும் பெரிய கல் வேண்டும் என்றான்.