நடுவில் விட்ட இடம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். முப்பத்திரண்டு வயதுப் பேராசிரியர் இளம்பரிதி. ஆய்வக உதவியாளர் மூக்கையா. ஐம்பது வயது தெய்வக்கனி டீச்சர், இவர்தான் மாணவி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு இளம்பரிதிக்கு எட்டாம் வகுப்பு எடுத்தவரும் இவர்தான்.

மறுநாள் டீச்சருக்கு எம்.எஸ்சி. கரிம வேதியியல் தேர்வு. இரண்டு முறை தோற்றாயிற்று. இந்த மூன்றாவதும் போனால் பட்டம் கிடையாது.

அவருடைய நோட்டில் நாற்பத்தாறு வினைகள். இடப்பக்கம் போட்ட பொருள், வலப்பக்கம் வந்த பொருள். நடுவில் இரண்டு விரல் அகலம் காலி. தேர்விலும் அப்படியே விட்டுத்தான் தோற்றார்.

“நடுவுல என்ன உருவாகுதுன்னு புத்தகத்துல இருக்கே, டீச்சர்?” என்று கேட்டார் இளம்பரிதி.

“இருக்கு சார். உருவான மறுநொடியே மறைஞ்சிடும்னும் போட்டிருக்கு. பார்க்காததை எப்படி எழுத? இருபத்தாறு வருஷத்துல பார்க்காததைப் பிள்ளைங்களுக்குச் சொன்னதில்லை.”

“அணுவைப் பார்த்துட்டா சொல்லிக் கொடுத்தீங்க?” என்றார் மூக்கையா.

“நீங்க பீக்கரைக் கழுவுங்க, மூக்கையா.”

இளம்பரிதி சொன்னார்: “என் சான்றிதழ்ல பத்தாவது இருக்கு, பன்னிரண்டாவது இருக்கு. எட்டாவது எங்கயும் இல்லை. எட்டு படிக்காமலா பத்து எழுதினேன்?”

“அதுக்கு வருகைப் பதிவேடு இருக்குடா!” டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “இருக்கு, சார்.”

இளம்பரிதி சிரித்தார். டிரைபீனைல்மெத்தனால் என்ற வெள்ளைத் தூளையும் அடர் கந்தக அமிலத்தையும் எடுத்து வைத்தார். அமிலம் தண்ணீர்போல நிறமற்று இருந்தது.

“கையுறை போட்டுக்கிட்டு உங்க கையாலயே சேருங்க.”

சேர்த்தார். குழாய் முழுக்கச் செம்மஞ்சள் பரவியது.

“இது யாரோட நிறம், டீச்சர்?”

டீச்சர் தூளைப் பார்த்தார். அமிலப் புட்டியைப் பார்த்தார். இரண்டிலும் அந்த நிறம் இல்லை.

“கார்பன் நேரயனி. நீங்க காலியா விட்ட இடத்துல இருக்கிற ஆள். இப்ப குளிர்ந்த மெத்தனால்ல ஊத்துங்க.”

ஊற்றினார். நிறம் போயிற்று. வெள்ளைத் தூள் ஒன்று அடியில் படிந்தது.

“போட்டதும் வெள்ளை, வந்ததும் வெள்ளை. அதே தூள்தான் திரும்பியிருக்கும்” என்று டீச்சர் விடவில்லை.

வடிகட்டி, காயவைத்து, இரண்டையும் உருக்கிப் பார்த்தார்கள். முதல் தூளுக்கு நூற்று அறுபத்திரண்டு டிகிரி வேண்டியிருந்தது. புதியது எண்பத்திரண்டிலேயே உருகிவிட்டது. டீச்சர் வெப்பமானியை மூன்று முறை படித்தார்.

“வேற தூள்தான். ஒத்துக்கறேன் சார். ஆனா மற்ற வினையெல்லாம் இப்படி நிறம் காட்டுமா?”

“பெரும்பாலும் காட்டாது. வந்த பொருளை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.”

“அப்ப எதை நம்பி எழுத?”

“பதிவேடு எடுக்கும்போது நீங்க ஒருநாளும் நிமிர்ந்ததில்லை, டீச்சர். ‘உள்ளேன்’னு குரல் கேட்டதும் குறிச்சிடுவீங்க.”

மூக்கையா திரும்பினார். “பக்கத்துப் பையன் குரல் கொடுத்திருந்தா?”

“ஆள் மாறினா குரல்லயே தெரியாதா எனக்கு?” என்று சீறிய டீச்சர், சட்டென்று நிறுத்தினார். இளம்பரிதியைப் பார்த்தார். அவர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

டீச்சர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வலப்பக்கத்தில் வந்த பொருளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு நடுவை நிரப்பினார். நாலு மணிக்குப் பேனா நின்றது.

“இந்தச் சிலது மட்டும் எப்படிப் பார்த்தாலும் வரலை சார்.” குரல் இறங்கியிருந்தது. “நடுவுல யாருமே தட்டுப்படலை. நாளைக்கு இதையே கேட்டா?”

இளம்பரிதி வாங்கிப் பார்த்தார்.

“பழைய பிணைப்பு விடுறதும் புதுசு சேர்றதும் இதுல ஒண்ணாவே நடக்குது, டீச்சர். நடுவுல யாரும் வந்து நிக்கிறதில்லை. நீங்க காலியா விட்டதுதான் சரி.”

டீச்சர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். நோட்டை மூடும்முன் எண்ணிக்கொண்டார். நிரப்பியது நாற்பத்து மூன்று. காலியாக இருந்தது மூன்று.