கூழுக்கு முப்பத்தெட்டுக் கைகள்

மேட்டுநாடு என்றொரு மாநிலம். அங்கே நாற்பது வருடமாகத் தூண் கட்சிதான் ஆட்சி. இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் அந்தக் கட்சியின் கொள்கை, கோஷம் எல்லாம். அதை எதிர்த்து நிற்பது சக்கரக் கட்சி. நிற்பது என்று மரியாதைக்குச் சொல்வது. விழுவது என்பதே சரி.

மருதவாணன் சக்கரக் கட்சியின் பேச்சாளர். ஐம்பத்து நான்கு வயது. மூன்று தேர்தலில் நின்றார், மூன்றிலும் தோற்றார். ஒவ்வொரு முறை தோற்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊசிப்பாறை ஆசிரமத்துக்கு வந்துவிடுவார். கோபம் தணிய ஆறு மாதமாகும். தணிந்ததும் கிளம்பிவிடுவார். இந்த முறை நான்கு வருடமாகியும் தணியவில்லை.

ஆசிரமத்தின் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பழைய குரு போகும்போது தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போன பெண். குருவம்மை என்பார்கள். இருபது வயது இளையவளிடம் சீடராக இருப்பதில் மருதவாணனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒருநாள்கூட அவளை வாதத்தில் ஜெயிக்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

ஒரு வியாழக்கிழமை அவருக்குக் கட்சியிலிருந்து கடிதம் வந்தது. தேர்தல் வருகிறது, மாநிலத் தலைமையை நீங்கள் ஏற்றால் நிற்போம், இல்லையென்றால் மேட்டுநாட்டில் கட்சிக் கடையையே கட்டிவிடுவதாக முடிவு, ஒன்பது நாளுக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தோடு குருவம்மையைத் தேடிப் போனார். அவள் கொல்லையில் உட்கார்ந்து சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, ஓட்டை எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவம்மா, மேட்டுநாடு மாறுமா?"

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"மாறும் என்றால் போகிறேன். மாறாது என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக் கூரை விழுந்தது, தூணுக்கே குத்தினார்கள். பாலம் கட்டுகிறேன் என்று எட்டுத் தேர்தலாகச் சொல்கிறார்கள், தூணுக்கே குத்துகிறார்கள். வீடு வீடாகப் போய்ப் புள்ளிவிவரத்தோடு விளக்கினேன். தலையை ஆட்டி, மோர் கொடுத்து உபசரித்து, மறுநாள் போய்த் தூணுக்குக் குத்தினார்கள். அது நாடே இல்லை குருவம்மா, பாறை.

தண்ணீரில் சின்னக் குமிழ் ஒன்று வந்தது. அந்த இடத்தை அவள் விரலால் பிடித்துக்கொண்டாள்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

"கூழ்."

"நேற்று?"

"கூழ். வந்த நாளிலிருந்து கூழ். கேட்டால் பத்தொன்பது வருடமாகக் கேழ்வரகுக் கூழ்தானாம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நான் இட்லி தின்று வளர்ந்தவன்."

"அப்படியானால் அதை மாற்றுங்கள். நாளைக்கு ஒரு ஓட்டு. எட்டு நாள் கழித்து இன்னொரு ஓட்டு. அப்புறம் மேட்டுநாட்டைப் பார்ப்போம்."

மருதவாணனுக்குச் சிரிப்பு வந்தது. லட்சக்கணக்கான ஓட்டைக் கேட்டு அலைந்தவருக்கு நாற்பது பேர் எம்மாத்திரம்? கூட்டத்தில் இட்லி வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனித ஜென்மம் உண்டா?

ஊசிப்பாறையில் ஓட்டெடுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். குருவின் கண் மட்டும் திறந்திருக்கும். கை தூக்கியவர் யார் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து யாரும் கை தூக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை மருதவாணன் ஒரு மணி நேரம் பேசினார். இட்லி செரிப்பது எப்படி, உடம்பில் ஒட்டுவது எப்படி என்று விளக்கினார். கூழ் என்பது பழக்கத்தின் அடிமைத்தனம், இட்லி என்பது விடுதலை என்றார். வேலை கூடுமே என்று யாரும் பயப்பட வேண்டாம், எல்லோரும் சேர்ந்து மாவாட்டுவோம் என்று முடித்தார். அந்த இடத்தில் சமையற்கட்டுப் பெண்கள் நான்கு பேரில் மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காமவள் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுக்கு அவளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

குருவம்மை எண்ணிச் சொன்னாள். கூழுக்கு முப்பத்தெட்டு. இட்லிக்கு இரண்டு.

இரண்டில் ஒன்று அவருடையது. நாற்பது பேரில் தன் பேச்சைக் கேட்டு மனம் மாறிய அந்த ஒரே ஒருவர் யார் என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லா முகமும் ஒன்றுபோலவே இருந்தது. இதுவும் பாறைதான் என்று முணுமுணுத்துக்கொண்டு, நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். சண்டைக்குத்தான் போனார்.

சமையற்கட்டுக்குப் பெரியவள் வேலாத்தாள். கூட்டத்தில் உறங்கியவள் அவள்தான். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, கூழ் அவ்வளவு பிடிக்குமா உங்களுக்கெல்லாம்?"

"கூழு யாருக்குங்க பிடிக்கும்?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

பிறகு கதையைச் சொன்னாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் வந்தார். இதே கூடத்தில், இதே மாதிரி ஒரு மணி நேரம் பேசினார். அவருக்குப் பொங்கல். ஜெயித்தும் விட்டார். மூன்று நாள் அவரே கரண்டி பிடித்துக் கிளறினார். நான்காம் நாள் ஊரிலிருந்து தந்தி வந்தது, போய்விட்டார்.

"அடிபிடிச்ச பானைய நாங்க நாலு பேரும் நாலு நாளு தேச்சோமுங்க. போன இடத்துலருந்து கடுதாசி போட்டாரு. மலை சௌக்கியமா, மரம் சௌக்கியமான்னு கேட்டிருந்தாரு. பானையப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்க. அதிலருந்து கூழுதான்."

"நான் அப்படியில்லை. எல்லோரும் சேர்ந்து என்றல்லவா சொன்னேன்?"

"சொன்னீங்களாமே. பொறவு இவளுக சொன்னாளுக. இந்த மடத்துல எல்லோரும்னா யாருன்னு தெரியுமுங்களா? நாங்க நாலு பேருதானுங்க."

மருதவாணனுக்கு மேட்டுநாட்டில் ஒரு தையல்காரர் கேட்டது திடீரென்று ஞாபகம் வந்தது. இந்தத் தடவை தோத்தா எந்த ஊருக்குப் போவீங்க என்று கேட்டிருந்தார். கிண்டல் என்று நினைத்து அவரோடு அன்றைக்கு மல்லுக்கு நின்றிருந்தார்.

"அந்த ரெண்டு ஓட்டுல ஒண்ணு என்னுது" என்றாள் வேலாத்தாள்.

"நீங்களா?"

"இட்லின்னா எனக்கு உசுருங்க. நீங்க பேச ஆரம்பிச்சதும் கண்ணு சொக்கிடுச்சு. முழுசாக் கேட்டிருந்தா தூக்கியிருக்க மாட்டேன்."

சுற்றியிருந்த மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேலாத்தாள் புளிக்கையைக் கழுவிக்கொண்டு வந்து மூலையிலிருந்த ஆட்டுக்கல்லைக் காட்டினாள். எட்டு நாள் இருக்கிறதே, நீங்களே ஆட்டுங்கள், நாங்கள் நான்கு பேரும் ஒரு விரல்கூட வைக்க மாட்டோம் என்றாள். ஆளுக்கு ஒரு இட்லி போதும், மிச்ச வயிற்றுக்கு வழக்கம்போல் கூழ்.

அவர் ஒப்புக்கொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

முதல் நாள் மத்தியானம் ஊறிய உளுந்தை அள்ளிக் கல்லில் போட்டுக் குழவியைப் பிடித்தார். அரை மணி நேரத்தில் குழவி அவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் வெந்து வந்த இட்லி ஒன்றை வேலாத்தாள் தரையில் வைத்து விரலால் தட்டினாள். அது வாசல்வரை உருண்டு போனது. ஆசிரமத்துப் பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, அவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

அன்றைக்கு அவருக்கு நல்ல பசி. ஒருத்தி இரக்கப்பட்டுக் கூழில் மோர் விட்டுக் கரைத்து, நான்கு சின்ன வெங்காயத்தோடு கொண்டுவந்து வைத்தாள். மடமடவென்று குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

இரண்டாம் நாள் அவர் ஆட்டுவதை வேடிக்கை பார்க்கப் பாதி ஆசிரமம் வந்துவிட்டது. சாமிக்கண்ணு என்பவர் ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவர். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை. தள்ளுங்க ஐயா, குழவியை இப்படியா பிடிப்பார்கள் என்று இழுத்துவிட்டுத் தானே உட்கார்ந்தார். அம்பது சுற்றுச் சுற்றிக் காட்டினார். காட்டியது போதாது என்று இன்னும் அம்பது.

மூன்றாம் நாள் இரண்டு பேருக்குள் சண்டை வந்துவிட்டது. ஒரு படி உளுந்துக்கு நாலு படி அரிசியா, ஐந்து படியா என்று. நாலுதான் என்று நிரூபிக்க ஒருவர் உட்கார்ந்து ஆட்டினார். ஐந்துதான் என்று நிரூபிக்க மறுநாள் மற்றவர் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் ஆட்கள் முறை கேட்டு நின்றார்கள். சமையற்கட்டுப் பெண்கள் நான்கு பேரும் தள்ளி உட்கார்ந்து, நீ ஆட்டுவது சரியில்லை, நீ பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுக்கு ஆயுளில் அப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை.

இத்தனையிலும் மருதவாணன் இட்லியின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மூச்சு மிஞ்சவில்லை. காலையில் இரண்டு டம்ளர் கூழ், மத்தியானம் குழவி, சாயங்காலம் தோளுக்கு எண்ணெய் என்று பொழுது போயிற்று. ஆறாம் நாள் இட்லியை விரலால் அமுக்கினால் அமுங்கி, மெல்ல எழுந்தது. பூனைகூடத் தின்றது.

எட்டாம் நாள் மறுபடியும் கூடம் கூடியது. வேலாத்தாள் எழுந்து ஒரு நிபந்தனை போட்டாள். இட்லிக்குத் தூக்குகிற கை எதுவோ அதுவேதான் குழவியும் பிடிக்க வேண்டும். பேரைச் சமையற்கட்டுப் பலகையில் எழுதி முறை போட வேண்டும். குருவம்மை சரி என்றாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பேசுகிறீர்களா என்று மருதவாணனைக் கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மருதவாணனும் மூடினார். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

கூழுக்குப் பதினொன்று. இட்லிக்கு இருபத்தொன்பது.

கூடமே கைதட்டியது. சாமிக்கண்ணு மருதவாணனைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தார். அவர் வலியில் துள்ளினார். முப்பது வருடப் பொதுவாழ்வில் அவர் பார்த்த முதல் வெற்றி. குருவம்மை சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் இருபத்தொன்பது பேரையும் எழுதினாள். வேலாத்தாள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒவ்வொரு பேராகச் சத்தமாகப் படித்தாள். முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க பேச்சாளரே, உங்க பேரக் காணோமே?"

முப்பத்தொன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"தோள் வலி" என்றார் மருதவாணன். அது போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. "கூழும் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. வெங்காயத்தோடு."

அதன்பிறகு ஊசிப்பாறையில் எழுந்த சிரிப்பு கீழே பஸ் நிறுத்தம்வரை கேட்டதாகச் சொல்வார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டதில் இரண்டு பெயர்கள் அழிந்து போய், மறுபடி எழுத வேண்டியிருந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் மருதவாணன் போய் ஆட்டுக்கல்லையும் குழவியையும் தேய்த்துக் கழுவினார். யாரும் சொல்லவில்லை. வேலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. பதில் போக வேண்டுமென்றால் அன்றைய மத்தியான பஸ்ஸில் போனால்தான் உண்டு.

குருவம்மை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு நாள் ஆகிவிட்டது குருவம்மா. இப்போது சொல்லுங்கள். மேட்டுநாடு மாறுமா?"

"இங்கே மாறியதே."

"இது சமையற்கட்டு. அங்கே நாற்பது வருடம். அப்பன் குத்திய சின்னத்தில்தான் மகன் குத்துவான், மகன் குத்தியதில்தான் மருமகள் குத்துவாள். என்ன செய்தாலும் மாற மாட்டார்கள். எனக்கு அவர்களை நன்றாகத் தெரியும்."

குருவம்மை டயரை அழுத்திப் பார்த்தாள். காற்று நின்றிருந்தது. சைக்கிளை நிமிர்த்தி அவர் பக்கம் தள்ளினாள்.

"எட்டு நாளைக்கு முன்னால் உங்களையும் உங்களுக்கு நன்றாகத்தான் தெரிந்திருந்தது" என்றாள்.

மருதவாணன் சைக்கிளை வாங்கிக்கொண்டு, மத்தியான பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.