இருவாச்சியின் தொண்டையில் இருந்த பழங்கள்

"இருவாச்சி பழம் கடத்துறான்!" என்று மலையணில் கத்தியது. காட்டு ஜாதிக்காய் மரத்தில் இருந்த அத்தனை பிராணிகளும் மெல்லுவதை நிறுத்தின.

"ஒண்ணைத் தின்னுறான். மீதியைத் தொண்டையில அடைச்சுக்கிட்டுப் பறக்குறான். நானே பார்த்தேன்!"

அந்தக் காட்டுக்குச் சோலைமந்திதான் தலைவன். உச்சிக்கிளையில் உட்கார்ந்தபடி, "தொண்டையைக் காட்டுய்யா!" என்றது.

ஆண் இருவாச்சி தன் பெரிய மஞ்சள் அலகைத் திறந்தது. உள்ளே பழங்கள் இருந்தன.

"இது என் வீட்டுக்காரிக்கும் குஞ்சுக்கும்ங்க. அவ பொந்துக்குள்ள இருக்கா. முட்டையிடப் போகும்போது வாசலை மண் பூசி அடைச்சுக்கிறது எங்க வழக்கம். சின்ன இடுக்கு மட்டும் விட்டிருக்கோம். அது வழியா நான் ஊட்டுறேன்."

"கட்டினவளை அடைச்சு வச்சிருக்கியா? அடப்பாவி!" என்றது அணில்.

"அவளேதான் அடைச்சுக்கிட்டா. மரநாய் வந்துடும்ல? இறகும் கொட்டிப் போச்சு. இப்ப அவளால பறக்க முடியாதுங்க."

"கதை நல்லா இருக்கு!" என்று மந்தி சிரித்தது. கூட்டமும் சிரித்தது. பிறகு தீர்ப்பு வந்தது. "பழம் வேணும்கிறவங்க நேர்ல வந்து தின்னணும். யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

எல்லாருக்கும் ஒன்றுதானாம்! அன்று மாலையே அணில் கொட்டைகளைக் கவ்விக்கொண்டு தன் கூட்டுக்குப் போனது. யாரும் அதன் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

பொந்து இருந்த மரம் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

வேறு மரங்கள் அப்போது பழுக்கவில்லை. ஆண் இருவாச்சி ஆற்றுக்கு அப்பால் வரை அலைந்து, சில வண்டுகளோடு திரும்பியது.

"என்னங்க, இன்னைக்கும் இவ்வளவுதானா? குஞ்சு கத்தக்கூட மாட்டேங்குது" என்றது பெண், இடுக்கு வழியாக.

ஆண் பறந்து போய் மந்தியிடம் கெஞ்சியது. "ஒரே ஒரு பழம் குடுங்க!"

"உனக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். போய்யா!" மந்திகள் கிளைகளை உலுக்கி விரட்டின.

மறுநாள் ஆண் மீண்டும் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தது. பெண் தன் அலகாலேயே சுவரைக் கொத்தி உடைத்தது. பொத்தென்று மண்ணில் விழுந்தது. நடந்தே ஜாதிக்காய் மரத்தடிக்கு வந்தது. இறகு கொட்டிய அந்த உடம்பைப் பார்த்ததும் மரத்தின்மேல் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நேர்ல வந்துட்டேன். இப்ப தருவீங்களா?"

மந்தி ஒரு பழத்தைக் கீழே போட்டது. அதைக் கவ்விக்கொண்டு பெண் திரும்பியபோது, திறந்த பொந்தில் குஞ்சு இல்லை. மரநாய் வந்து போயிருந்தது.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் சட்டப்படிதான் நடந்துச்சு" என்றது மந்தி. வெட்கமே இல்லாமல் சொன்னது!

இறகு முளைத்ததும் இரண்டு இருவாச்சிகளும் மலை தாண்டிப் போய்விட்டன.

அதன்பிறகு மரம் முழுவதும் மந்திகளுக்கே. தின்று தின்று கொட்டைகளை மரத்தடியிலேயே துப்பின. தாய்மர நிழலில் அவை புழுத்துப் போயின. அணில் கடித்த கொட்டைகள் முளைக்கவே இல்லை. முழுக் கொட்டையை விழுங்கி, தூரம் பறந்து, மலைச்சரிவெங்கும் துப்பி வந்தது இருவாச்சி ஒன்றுதான். மரங்களை நட்டது அதுதான் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

ஆண்டுகள் போகப் போக, காட்டிலிருந்த கிழ ஜாதிக்காய் மரங்கள் ஒவ்வொன்றாகப் புயலில் சாய்ந்தன. கடைசி மரமும் விழுந்தது. குட்டி மந்திகள் பசியில் அழுதன. கொட்டை துப்பி மரம் வளர்த்தது யார் என்று அப்போதுதான் புரிந்து, மந்தி அணிலை மலைக்கு அப்பால் தூது அனுப்பியது.

"அண்ணே, திரும்பி வாங்க! இனி எவ்வளவு வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க" என்றது அணில்.

இருவாச்சி அதை ஏற இறங்கப் பார்த்தது.

"வந்து எதைத் தூக்குறது? கொட்டை இருந்தாத்தான் நான் துப்ப முடியும். மரம் இருந்தாத்தான் கொட்டை. மரம் எங்கடா?"

அணில் தனியாகவே திரும்பியது.

அடுத்த உயிர் எப்படி வாழ்கிறது என்று போய்ப் பார்க்காமலே அதன் வாயைக் கட்டுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளைத்தான் பட்டினி போடுகிறார்கள்.