கண்ணுக்கு எட்டாத நட்சத்திரம்

மின்வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம், தன்னைவிட இருபது வயது இளையவரான பல் டாக்டர் நஃபீசாவிடம் நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஏலகிரியில் டாக்டர் வீட்டு மொட்டைமாடிதான் பள்ளிக்கூடம்.

அவர்கள் கவனித்துவந்த நட்சத்திரம் ஒரு முன்கோபி. மாதக்கணக்கில் மங்கிக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் பொங்கிப் பிரகாசிக்கும். அது அடங்கியிருக்கும்போது விண்வெளித் தொலைநோக்கி ஒன்றால் பார்த்துவிட வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் காத்திருந்தார்கள். பொங்கும் நேரத்தில் அதன் பக்கம் திருப்பினால் அந்த வெளிச்சத்தில் கருவி கெட்டுவிடும். அதனால் உலகெங்கும் பொழுதுபோக்காக வானம் பார்க்கும் அமெச்சூர்களிடம், 'அடங்கித்தான் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். விடிந்தால் முடிவு.

இருட்டியதும் தேவசகாயம் டாக்டரின் பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்தார்.

“டாக்டரம்மா, வந்துடுச்சு! மங்கலாத்தான், ஆனா இருக்கு. பொங்க ஆரம்பிச்சிருக்கு.”

“நிச்சயமா?”

“நாலு மாசமா ஒண்ணுமே தெரியாத இடம். இன்னிக்குத் தெரியுது. அனுப்பிடட்டுமா? உலகத்துலயே முதல்ல பார்த்தவன் நான்தான்.” போன் கைக்கு வந்துவிட்டது.

“அனுப்பினா நாளைக்குப் பார்க்கிறதையே நிறுத்திடுவாங்க சார். மறுபடி அவங்களுக்கு அந்தத் தொலைநோக்கில நேரம் கிடைக்க வருஷக்கணக்கா ஆகும்.”

“நிறுத்தாம, கருவி போச்சுன்னா?”

நஃபீசா கீழே போய், வானத்தின் அந்தப் பகுதிக்கான வரைபடம் ஒன்றை எடுத்து வந்தார்.

“நம்ம நட்சத்திரத்துக்கு இடதுபக்கம் இதோ ஒண்ணு. இதுவும் ரொம்ப மங்கல். இது தெரிஞ்சா உங்க கண்ணு அவ்வளவு தூரம் எட்டுதுன்னு நம்பலாம்.”

தேவசகாயம் குனிந்தார். வெகுநேரம் அசையவில்லை.

“இருங்க... ஆமா, இருக்கு. நேராப் பார்த்தா மறையுது. ஓரக்கண்ணால பார்த்தா வருது.”

“நல்லாத் தெரியுதா?”

“பல்லுல ஓட்டை தேடுற உங்க கண்ணுக்கே தெரியாது. எனக்குத் தெரியுது.”

“அங்க நட்சத்திரமே இல்ல சார். இப்பத்தான் கீழே உட்கார்ந்து வரைபடத்துல பேனாவால புள்ளி வெச்சேன்.”

அவர் மறுபடி பார்த்தார். சொன்ன பிறகும் அது அங்கேயே மினுங்கியது.

“ஏமாத்திட்டீங்களே.”

“நானா?”

தேவசகாயம் போனைச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம் எரிச்சலோடு சொன்னார்: “அப்ப இன்னிக்கும் ஒண்ணும் தெரியலைன்னு எழுத வேண்டியதுதான். இதுக்கு ஒரு ஆளு, ஒரு தொலைநோக்கி!”

“வரைபடத்துல எண் போட்டிருக்கே, எண் ஏற ஏற மங்கல். அந்த நட்சத்திரங்கள்ல, சந்தேகமே இல்லாமத் தெரிஞ்ச கடைசி மங்கல் எது?”

“பதினாலு.”

“அதை எழுதுங்க. பதினாலு வரைக்கும் தெரிஞ்சுது, நம்மது அதைவிட மங்கல்னு.”

தேவசகாயம் போனை மறுபடி எடுத்தார். விரல் தயங்கியது.

“நான் பார்க்காததை வெச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க டாக்டரம்மா?”

“அதை நம்பித்தான் சார் நாளைக்கு விண்வெளித் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பப் போறாங்க.”