வெள்ளையில் வெள்ளை

ஜமீலாவிடம் கம்ப்யூட்டர் நிரல் எழுதப் படித்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் தாணுமாலயன் ஒருவர்தான். நாகர்கோவிலில் ஒரு பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பிரிவை மூடியபோது அவருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. ஜமீலாவின் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். பிறகு அவருடைய சின்னக் கம்பெனியிலேயே வேலைக்கும் சேர்ந்தார். ஜமீலா அவரை அண்ணாச்சி என்பார். அவர் ஜமீலாவை டீச்சர் என்பார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவரை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை, ஓர் ஆம்புலன்ஸ் மையத்துக்கான மென்பொருள். போன் வரும். மையத்தில் இருப்பவர் விலாசத்தைக் கேட்டு அடிப்பார். பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று திரை காட்டும். டிரைவரைக் கூப்பிட்டு விலாசத்தை வாசித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுக்கும் நிறம் பார்ப்பதிலேயே தாணுமாலயனுக்குப் பல நாள் போயிற்று. பட்டன்களுக்கு வாழைக்குருத்துப் பச்சை வைத்தார். ஜன்னலுக்கு மங்கலான சந்தன நிறம். விலாசம் அடிக்கும் கட்டங்களுக்குப் பளிச்சென்ற வெள்ளை. எழுத்து எப்படியும் கறுப்பாகத்தான் வருகிறது, அதைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

முடித்ததும் ஜமீலாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நிறமெல்லாம் சரியா இருக்கா, டீச்சர்?"

ஜமீலா குனிந்து பார்த்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல நல்லா இருக்கு."

தாணுமாலயன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மென்பொருள் மையத்துக்குப் போயிற்று. மாதம் பாதி கழிந்திருக்கும். ஒரு நாள் காலை ஜமீலா அவர் மேஜைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் மையத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்க. கிரேஸ்பாய்ன்னு ஒருத்தங்க இருப்பாங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க."

"ஏதும் புகாரா?"

"புகார் இல்ல. அவங்க வேலையை விட்டுப் போறாங்களாம். புதுசு போட்ட பிறகுதான்னு சொல்றாங்க."

"அதுக்கும் நம்மளுக்கும் என்ன?"

"தெரியல. பாத்துட்டு வாங்க."

கிரேஸ்பாய் அந்த மையம் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே இருப்பவர். கடற்கரை ஊர்களின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். சர்க்கரை நோயால் கண் கொஞ்சம் கெட்டிருந்தது. வெளிச்சம் பட்டால் கூசும். அதனால் அவர் மகன் வந்து, மையத்தில் அவருடைய கம்ப்யூட்டர் முழுவதும் திரை கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வருகிற மாதிரி, தீம் என்கிற நிற அமைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

தாணுமாலயன் போனபோது கிரேஸ்பாய் மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆள் வந்ததையே கவனிக்கவில்லை.

போன் அடித்தது. பிரசவ வலி. கீழமணக்குடி.

கிரேஸ்பாய் விறுவிறுவென்று அடித்தார். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு அடுத்த மேஜைப் பக்கம் திரும்பினார்.

"லிசி, இதக் கொஞ்சம் வாசி பிள்ளே."

கிரேஸ்பாய் அடித்தது தன் திரையிலும் வந்திருந்ததை லிசி வாசித்தாள். "மேலமணக்குடி, பள்ளிக்கூடத்துப் பக்கம்."

"மேலன்னா அடிச்சிருக்கேன்? கீழ, கீழ! மாத்து அத!"

லிசி மாற்றினாள். வண்டி கிளம்பியது. இரண்டு ஊருக்கும் நடுவே ஆறு கடலில் போய் விழுகிறது. லிசி அன்று வேலைக்கு வராமல் இருந்திருந்தால் வண்டி அக்கரையில் போய் வீடு தேடியிருக்கும்.

கிரேஸ்பாய் புதிதாக வந்து நின்றவரைப் பார்த்தார்.

"கம்பெனியிலருந்தா வந்திருக்கீங்க? சாப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு சார். எனக்க கண்ணுதான் போயாச்சு."

"என்ன செய்யுது?"

"கட்டம் தெரியுது. உள்ள இருக்க எழுத்து தெரியல்ல. இவங்களுக்கெல்லாம் தெரியுதே. அப்போ எனக்க கண்ணுதானே? மாசக் கடைசியோட நிறுத்திக்கிடுதேன்னு சொல்லியாச்சு. ஒரு உயிரு போனா ஆரு பதில் சொல்லுவா?"

தாணுமாலயன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார். கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளைவெளேரென்று கட்டம் இருந்தது. அதற்குள் ஒன்றுமே இல்லை.

அவர் கண்ணில் எந்தக் குறையும் கிடையாது. கண்ணாடிகூடப் போடுவதில்லை. மறுபடி பார்த்தார். ஒன்றுமே இல்லை.

மவுஸை வாங்கிக் கட்டத்துக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். இழுத்த இடம் நீலமாயிற்று. நீலத்துக்குள் வெள்ளை எழுத்தில் கீழமணக்குடி எழுந்து நின்றது.

கிரேஸ்பாய் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் தெரியல்ல" என்றார் தாணுமாலயன்.

"நெசமாட்டா?"

"நெசமாட்டுதான். எழுத்தை உங்க தீம் வெள்ளையாக்கியிருக்கு. கட்டத்துக்கு வெள்ளையடிச்சது நான்."

திட்டுவார் என்று காத்திருந்தார். கிரேஸ்பாய் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அதற்குள் அடுத்த போன் அடித்துவிட்டது.

தாணுமாலயன் திரும்பி வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். ஜமீலா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"பழைய சாப்ட்வேரை அவங்க மெஷின்ல திரும்பப் போட்டீங்களா?"

"போட்டுட்டுத்தான் வாறேன்."

"சரி."

"டீச்சர், இப்படி ஆகும்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரிஞ்சா அந்த சாப்ட்வேரை அனுப்பியிருப்பேனா? நானும் உங்க கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் பாத்தேன். தப்பு எனக்கும் சேத்துத்தான்."

தாணுமாலயன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எழுத்தைக் கறுப்பாக்கிடறேன். வெள்ளையில கறுப்பு. யாருக்கும் தெரியும்."

"அவங்க எதுக்குத் திரையைக் கறுப்பா வச்சிருக்காங்க?"

"வெளிச்சம் கூசுதாம்."

தாணுமாலயன் தன் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தார். அதற்கு வெள்ளையடித்த வரியை அழித்தார்.

"அப்போ எந்த நிறத்தைத்தான் வைக்கட்டும்?"

"நிறத்தோட பேரை எழுதாதீங்க. அது என்ன வேலைக்குன்னு எழுதுங்க. இது கட்டத்தோட பின்னணி. இது அதுமேல வர்ற எழுத்து. இது பட்டன், இது பட்டன்மேல எழுத்து. என்ன நிறம்னு தீம்கிட்ட கேளுங்க. கிரேஸ்பாய் எப்படி வச்சிருக்காங்களோ அப்படி அது சொல்லும்."

"அந்தப் பச்சை?"

"யாரு கேட்டா?"

தாணுமாலயனுக்கு மனசே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றினார். கட்டம், பட்டன், பட்டியல் எல்லாவற்றிலிருந்தும் தன் நிறத்தை எடுத்தார். கறுப்புத் தீமில் திறந்து பார்த்தார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. ஜமீலாவைக் கூப்பிட்டார்.

ஜமீலா வந்தார். மென்பொருள் திறந்தபடியே இருக்க, தீம் அமைப்பைக் கறுப்பிலிருந்து வெளிர் நிறத்துக்கு மாற்றினார். ஜன்னல் வெளுத்தது. கட்டங்கள் வெளுத்தன. வண்டிகளின் பட்டியல் மட்டும் கருகிய தோசை மாதிரி நடுவில் அப்படியே கிடந்தது.

"இது ஏன் மாறல?"

"இதுவும் தீம்கிட்ட கேட்டுப் போட்டதுதான், டீச்சர்."

"எப்போ கேட்டீங்க?"

"திறக்கும்போது. ஒரு தடவை கேட்டு எடுத்து வச்சுக்கிட்டேன்."

"அண்ணாச்சி, வீட்டுல காலைல சாப்பிட்டாச்சான்னு கேக்கீங்க. ஆச்சுன்னு சொல்றாங்க. ராத்திரிக்கும் அதே பதிலை வச்சுக்கிட்டா சும்மா இருப்பாங்களா?"

தாணுமாலயன் சிரித்துவிட்டார்.

"தீம் மாறினா அது சேதி அனுப்பும். சேதி வந்ததும் திரும்பக் கேளுங்க" என்றார் ஜமீலா.

அதையும் எழுதினார். இந்த முறை தன் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. அலுவலகத்தில் ஒவ்வொருவர் மேஜையாகப் போய், எழுந்திருக்கச் சொல்லி, அவரவர் வைத்திருந்த தீமில் திறந்து பார்த்தார். ஒருவர் ஊதா வைத்திருந்தார். ஒருவர் எழுத்தைக் கட்டைவிரல் பருமனுக்கு வைத்திருந்தார். அங்கேயும் சின்னச் சின்னதாக இடித்தது. சரிசெய்தார்.

பிறகு மையத்துக்கு அவரே கொண்டுபோய்ப் போட்டார். கிரேஸ்பாயின் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். திரை கறுப்பு, கட்டம் கறுப்பு, எழுத்து வெள்ளை. பட்டனில்கூட அவர் தேடித்தேடி வைத்த பச்சை இல்லை.

போன் வந்தது. முட்டத்தில் படகிலிருந்து ஒருவர் விழுந்திருக்கிறார். கிரேஸ்பாய் அடித்தார், வாசித்தார், டிரைவரைக் கூப்பிட்டார். அடுத்து ஒரு விபத்து. அதற்கடுத்து மூச்சுத்திணறல். லிசியின் பக்கம் ஒரு தடவையும் அவர் திரும்பவில்லை. திரையைவிட்டுச் சாய்ந்து, நாற்காலியில் முதுகு பதிய உட்கார்ந்திருந்தார்.

தாணுமாலயன் சாயங்காலம்வரை இருந்தார். நிறம் எப்படி என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. புதிதாக ஏதோ போட்டிருக்கிறது என்றுகூட யாரும் பேசவில்லை. சொல்லிக்கொண்டு எழுந்தபோது கிரேஸ்பாய் போனைக் காதில் வைத்தபடியே தலையை மட்டும் அசைத்தார்.

திரும்பி வந்தபோது ஜமீலா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"வாசிக்காங்க. வேலையை விடலன்னு லிசி சொன்னா."

"நல்லது."

தாணுமாலயன் போகவில்லை. கதவருகே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"சந்தோசந்தான் டீச்சர். ஆனா எவ்வளவு பாத்தாலும் அதுல என் கைவேலைன்னு ஒண்ணும் தெரியல்ல. அந்த சாப்ட்வேர்ல நான் எங்க இருக்கேன்?"

ஜமீலா பையைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு முழுக்க கிரேஸ்பாய்க்குப் பின்னாலதானே உக்காந்திருந்தீங்க. அவங்க உங்களைத் திரும்பிப் பாத்தாங்களா?"

"அவங்களுக்கு ஏது நேரம்? விலாசம் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க."

"அங்கதான் இருக்கீங்க."