ஏற்றம் மிதித்த பச்சையம்மாவும் செப்புவிரலனும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, மலைக்கும் கோபம் வரும், உடும்பும் வாய்திறந்து பேசும் என்று இருந்த காலத்தில், ஏழுசுனை நாடு என்று ஒரு நாடு. அந்த நாட்டில் ஒரு கிணறு. கிணற்றோரம் ஒரு கொல்லை. கொல்லை முழுக்கக் கேழ்வரகு. அதற்குச் சொந்தக்காரர்கள் பச்சையம்மாவும் அவள் புருசன் தாண்டவனும்.

ஏற்றம் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்று மேட்டில் ஒரு தூண். தூண்மேல் தராசுக்கோல் மாதிரி குறுக்கே நீள மரம். மரத்து நுனியில் கழி, கழியின் அடியில் தண்ணீர் மொள்ளும் இரும்புச் சால். ஒரு ஆள் மரத்துமேல் முன்னும் பின்னும் நடக்கணும். மரம் சாயும், நிமிரும். இன்னொரு ஆள் கிணற்று வாயில் நின்று சாலை முக்கி, மேலே வந்ததும் கவிழ்க்கணும். எல்லா ஊரிலும் ஆம்பளைதான் மேலே நடப்பான். இங்கே பச்சையம்மா மேலே, தாண்டவன் கீழே. ஏனென்றால் தாண்டவனுக்கு முருங்கைமரத்தில் ஏறினாலே தலை சுற்றும்.

போகிற வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன தாண்டவா, பொண்டாட்டி ஆகாசத்துல, நீ பாதாளத்துலயா?"

"நடுவுல தண்ணி வருதில்ல? அது போதும்," என்பான் தாண்டவன்.

இப்படிப் பன்னிரண்டு வருசம். ஒருநாள் சாலில் ஓட்டை விழுந்தது. ஒட்டுப் போட்டு வரலாமென்று தாண்டவன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லுப்பட்டறைக்குப் போனான். போனவன் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் பச்சையம்மா தேடிக் கிளம்பினாள். பாதி வழியில் சால் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து புழுதியில் தாண்டவன் கால்தடம். பக்கத்திலேயே இன்னொரு தடம், அகலமாக, விரல் ஆறாக. இரண்டும் சேர்ந்தே போயின. ஒரு புளியமரத்தடியில் தாண்டவன் தடம் நின்றுவிட்டது. ஆறுவிரல் தடம் மட்டும் மேற்கொண்டு போனது. பச்சையம்மா அதன் பின்னாலேயே போனாள்.

தடம் போய் நின்ற இடம் ஒரு பெரிய தோட்டம். மதில்மேல் ஒரு உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏ பொம்பளே, உள்ள போவாதே. இது செப்புவிரலன் எடம்."

"யாருய்யா அவன்?"

"மந்திரவாதி. ஒரு விரலு செம்பு. அதால தொட்டான்னா மனுசன் ஆயுதமாயிடுவான். மம்பட்டி தானா வெட்டும், அருவா தானா அறுக்கும். சோறு போட வேணாம் பாரு!"

"என் புருசனும் உள்ள இருக்கானா?"

"கொட்டகையில எங்கியோ கெடக்கான். நீ ஒரு ஆயுதத்தைத் தொட்டா, அதுக்குள்ள இருக்கற ஆளோட நெனப்புல ஒரு நாளு உன் கண்ணுல தெரியும். சரியானதைத் தொட்டு, 'இது என் ஆளு'ன்னு சொன்னா அத்தனை பேரு கட்டும் அறுந்துடும். தொடறது எத்தனை வேணா, சொல்றது மூணு தபாதான். மூணும் தப்பினா நீயும் ஆயுதம். சுவரோரம் ஒம்பது ஏணி சாத்தியிருக்கு பாத்தியா? அதெல்லாம் உன்னாட்டம் தேடி வந்தவங்கதான்."

பச்சையம்மா ஏணிகளைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு," என்றது உடும்பு. "இன்னிக்கு அமாவாசை. பொழுது சாஞ்சா உள்ள இருக்கறவங்க நெனப்பெல்லாம் வத்திடும். அப்புறம் இரும்பு வெறும் இரும்புதான்."

பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

கொட்டகை நடுவில் செப்புவிரலன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான். "வா, வா, ஏணிக்கு ஒரு ஆள் கொறைச்சலா இருந்துது," என்றான். சுற்றிலும் ஆயுதங்கள், நூறு இருக்கும்.

ஒரு கதிரரிவாளை எடுத்தாள். யாரோ ஒருவன் புல் அறுக்கிறான். அவன் பின்னாலேயே நாலு கொக்கு நடக்கிறது. வரப்பில் அவன் மகள் உட்கார்ந்து பச்சைத் துவரையை உரித்து உரித்துத் தின்கிறாள். இவன் இல்லை. தொட்டாள், பார்த்தாள், வைத்தாள்.

ஒரு கடப்பாரை. கிணற்றடியில் பாறை பிளக்கிறது, கட்டைவிரல் மொத்தத்துக்கு ஊற்று பீறிடுகிறது. "வந்துடுச்சிடோய்!" என்று ஒருவன் கத்த, கிணறு திருப்பிக் கத்துகிறது. இவனும் இல்லை. தொட்டாள், பார்த்தாள், வைத்தாள்.

ஒரு உலக்கை. கூரை ஓட்டை வழியாக வெயில் விழுகிறது. உமி பொன்தூள் மாதிரி பறக்கிறது. ஒரு குருவி உரலோரம் வந்து திருட, இடித்தவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள். பச்சையம்மாவுக்குக் கண் கலங்கிற்று. "உன் வூட்டுக்காரரும் தேடிக்கினுதான் இருப்பாரு தாயி," என்று சொல்லி மெல்ல வைத்தாள்.

அடுத்து ஒரு ஏர்க்கொழு, வெள்ளி மாதிரி மின்னியது. தொட்டாள். அதில் அவளே இருந்தாள்! பட்டுச்சேலை, தலை நிறையக் கனகாம்பரம், முகம் நிலா மாதிரி.

"இது என் ஆளு!" என்றாள்.

செப்புவிரலன் சிரித்தான். அவள் இடதுகை தோளிலிருந்து விரல்வரை மரமானது. கொழுவுக்குள் இருந்தது யாரோ ஒரு வண்டிக்காரன். மேலே தெரிந்தது மந்திரவாதி ஊதிவிட்ட பொய்.

வெயில் சாய்ந்தது. பதறிப் பதறித் தேடினாள். ஒரு கோடாலியில் மறுபடியும் அவள் முகம். இந்தத் தடவை பட்டு இல்லை. தலைவிரித்து அழுகிற முகம். 'என்னை நெனச்சி அழுவுறான் போல' என்று அவளுக்கு நெஞ்சு உருகிற்று.

"இது என் ஆளு!"

வலதுகையும் மரமானது. செப்புவிரலன் ஊஞ்சலை உந்தினான். "கை ரெண்டும் போச்சே! இனிமே எதால தொடுவே?"

கை இல்லை. கால்தான் இருக்கிறது. ஆனால் ஆயுதத்தைக் காலால் தொடுகிற வழக்கம் உண்டா நம்மிடம்? தெரியாமல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். அந்தத் தைரியத்தில்தான் அவன் கையை மட்டும் பறித்தான்.

பச்சையம்மா ஒரு நிமிசம் நின்றாள். வாசல் வெயில் மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கற அண்ணனுங்களே, அக்காளுங்களே, கால் படக்கூடாதுதான். கையில்லாத பாவத்துக்கு மன்னிச்சிடுங்க," என்று வாய்விட்டுச் சொல்லி, செருப்பை உதறிவிட்டுக் காலை நீட்டினாள். ஒன்றில் வைத்தாள், இல்லை. இன்னொன்றில் வைத்தாள், இல்லை. ஊஞ்சல் நின்றுவிட்டது.

மூலையில் சாம்பல் மேடு. அதில் பிடி கழன்ற துருக் களைக்கொத்து ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதன்மேல் குதிகாலை வைத்தாள்.

முகமே தெரியவில்லை. தெரிந்தது இரண்டு குதிகால்தான். பித்தவெடிப்பு பாளம் பாளமாக. அந்தக் கால்கள் முன்னே போயின, பின்னே வந்தன. மேலே ஆகாசம். மரத்து நுனியில் ஒரு கரிச்சான் குருவி.

'யாரு இந்த மகராசி? காலுக்கு ஒரு சொட்டு வெளக்கெண்ணெகூட வெக்கலியா?' என்று நினைத்தாள். காலை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. அந்தக் கால்கள் மரத்துமேல் அல்லவா நடக்கின்றன? பொம்பளைக் கால் ஏற்றம் மிதிக்கிற ஊர் வேறே எது?

இன்னொரு காலை மடித்துத் தூக்கித் தலையைத் திருப்பித் தன் குதிகாலைப் பார்த்தாள். ஏற்றம் மிதித்தவளுக்கு ஒற்றைக்காலில் நிற்க யாரும் சொல்லித்தர வேண்டாம். காக்காக்கால் மாதிரி மூன்று பிளவாக ஒரு வெடிப்பு. கண்ணில் தெரிந்த காலைப் பார்த்தாள். அதே மூன்று பிளவு. பன்னிரண்டு வருசத்தில் அவளே பார்க்காத வெடிப்பு!

"இது என் ஆளு!" என்று கத்தினாள்.

"முகத்தைப் பாத்து எடு! முகத்தைப் பாத்து எடு!" என்று செப்புவிரலன் பாய்ந்து வருவதற்குள் அவன் செப்பு விரல் முறிந்து ணங்கென்று தரையில் விழுந்தது.

பச்சையம்மாவின் கை கையானது. அரிவாள் எழுந்து நின்று சோம்பல் முறித்தது. கடப்பாரை தும்மியது. உலக்கை கூந்தலை அள்ளி முடிந்தது. சுவரோரத்து ஏணி ஒன்பதும் பொம்பளைகளாகி, அவரவர் ஆளைத் தேடி ஓடினார்கள். சாம்பலிலிருந்து தாண்டவன் இருமிக்கொண்டே எழுந்தான். அப்பாடா என்று பச்சையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மந்திரவாதி மிச்சமிருந்த விரல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. உலக்கையாயிருந்த அம்மாள் ஒரு குடத்தை அவன் கையில் திணித்தாள். "செடியெல்லாம் வாடுது பாரு. போயி ஊத்து."

"உனக்குக் கட்டு அறுபடலியா?" என்று மதில்மேல் இருந்த உடும்பைக் கேட்டாள் பச்சையம்மா.

"நான் பொறந்ததிலேருந்தே உடும்புதாம்மா," என்றது அது. இறங்கிப் புதருக்குள் போய்விட்டது.

சேதி கேட்ட ராஜா அந்தத் தோட்டத்தை அங்கே அடைபட்டிருந்தவர்களுக்கே பங்கு பிரித்துக் கொடுத்தார். பச்சையம்மாவுக்கு வந்த பங்கில் கோடையிலும் வற்றாத ஒரு சுனை.

கட்டு அறுந்த அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"யோவ், பன்னெண்டு வருசமா எதிர்ல நிக்கிறே. என் மூஞ்சி உன் நெனப்புல நிக்கலியா? காலுதான் கெடைச்சிதா?"

தாண்டவன் அவள் வழியில் கிடந்த ஒரு முள்ளை ஒதுக்கிப் போட்டான்.

"மூஞ்சிய நிமுந்து பாக்க எனக்கு எங்க தைரியம் இருந்துது? அவ்ளோ ஒசரத்துல நடக்கறே. எங்க வழுக்கிடுவியோ, எங்க வழுக்கிடுவியோன்னு காலையேதான் பாத்துக்கினு இருந்தேன்."

பச்சையம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் வீடுபோய்ச் சேர்ந்து, களி கிண்டித் தின்று, நிம்மதியாகத் தூங்கிவிட்டார்கள். நீங்களும் எழுந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கள்.